வாய்க்காலில் கிடந்தவர்

மடத்துச் சாமிக்கு வயசு நாப்பது. அவரோட சிஷ்யர் அம்பிகாபதிக்கு அம்பத்தி நாலு. அதனால சாமி சிஷ்யரை அண்ணேன்னு கூப்பிடுவாரு. சிஷ்யர் சாமியை சாமின்னே கூப்பிடுவாரு. பாக்கறவங்களுக்கு யாரு யாருக்கு குருன்னு குழப்பமா இருக்கும். அவங்க ரெண்டு பேருக்கும் அந்தக் குழப்பம் இல்ல.

மடம்னா பெருசா ஒண்ணும் இல்ல. ஆத்தங்கரையில ஒரு ஓட்டுக் கட்டடம், ஒரு கஞ்சி அடுப்பு, நாலு பெஞ்சு. காலையில வர்றவங்களுக்கு சாமி கஞ்சி ஊத்துவாரு. முன்னாடி என்ன வேலை பாத்தீங்கன்னு கேட்டா, "எதையும் ஒழுங்கா பாக்கலீங்க"ம்பாரு. அதுக்கு மேல பேச மாட்டாரு.

அம்பிகாபதி ஒரு தினப் பேப்பருக்கு அந்தத் தாலுக்கா நிருபர். இருபத்தாறு வருசமா அதே வேலை. தினம் ஏழு மணிக்கு மடத்துக்கு வந்துடுவாரு. அவர் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் சாமி டி.வி.யில செய்தி வாசிக்கிற ஆள் மாதிரி குரலை மாத்திக்குவாரு.

"சற்றுமுன் கிடைத்த தகவல். கஞ்சியில் உப்பு இல்லை. அதிர்ச்சியில் அம்பிகாபதி. நடந்தது என்ன?"

பெஞ்சுல இருக்கறவங்க கஞ்சி புரையேற சிரிப்பாங்க. அம்பிகாபதியும் சிரிப்பாரு.

அந்தப் புதன்கிழமை அவர் சிரிக்கல. டம்ளரை வாங்கி கீழ வச்சிட்டு உக்காந்திருந்தாரு.

கூட்டம் கலைஞ்சதும் சாமி கேட்டாரு. "என்னண்ணே, உப்பு நெசமாவே இல்லையா?"

"அது இல்ல சாமி. ஒரு பொம்பள வந்து காலையில என் வீட்டு வாசல்ல நின்னுச்சு. திட்டல, அழுவல. அதான் ஒரு மாதிரியா இருக்கு."

"யாரு?"

"கலியபெருமாள்னு ஒரு லைன்மேன். அவன் பொண்டாட்டி சந்திரகாசி."

விஷயம் இதுதான். போன வாரம் ஆலத்தங்குடி வாய்க்கால் சேத்துல ஒரு லைன்மேன் குப்புறக் கெடக்குற மாதிரி ஒரு போட்டோ வந்துச்சு. கரண்டு ஆபீஸ் சட்டை, பக்கத்துல தொப்பி, ஒரு கால்ல மட்டும் செருப்பு. அம்பிகாபதி அந்த ஊரு லைன்மேன் பேரைக் கேட்டுக்கிட்டு, போட்டோவை வச்சு ஒரு செய்தி எழுதினாரு. மறுநாள் எட்டு பேப்பர்லயும் வந்துச்சு. அன்னிக்கு சாயங்காலமே ஆளை சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. வர்ற வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை. அதுல வேலையே போயிடும்னு பேச்சு.

"அந்தம்மா என்ன சொல்லுது?"

"குடிக்கலையாம். கம்பத்துல ஏறும்போது கதண்டுக் குளவி கொட்டிருச்சாம். ஓடிப்போயி சேத்துல படுத்துக்கிட்டானாம். அன்னிக்கே வீங்கின மூஞ்சியோட ஆபீஸ் போயிருக்கான். குடிச்சு உப்பின மூஞ்சின்னுட்டாங்களாம். இப்ப வீக்கமும் வத்திருச்சு, காட்டறதுக்கு ஒண்ணுமில்லீங்க, நீங்க ஒருவாட்டி வந்து எடத்தப் பாருங்கன்னு கேட்டுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அம்பிகாபதி டம்ளரைப் பாத்தாரு. "பாத்துட்டுத்தான் எழுதினோம்னு சொல்லிட்டேன்."

"பாத்தீங்களா?"

"நான் பாக்கல சாமி. ஆனா எட்டு பேப்பர்ல வந்திருக்கு. எட்டு பேர் ஒரே மாதிரி எழுதினது எப்படி பொய்யாப் போகும்?"

சாமி அடுப்பைக் கிளறினாரு. "எட்டு பேர்ல யாரு போனது?"

"ஜெகபர் போயிருப்பான். அவன்தான் குரூப்ல போட்டோ போட்டான்."

"என்ன குரூப்பு?"

"நிருபருங்க எட்டு பேரும் இருக்கற வாட்ஸ்அப் குரூப்பு. 'களத்தில் நாங்கள்'னு பேரு. ஒருத்தர் எழுதிப் போட்டா மத்தவங்க எடுத்துக்குவோம். எல்லாரும் எல்லா எடத்துக்கும் ஓட முடியுமா?"

"ஜெகபருக்கு ஒரு போன் போடுங்களேன்."

போட்டாரு. ஸ்பீக்கர்ல ஜெகபர் குரல் வந்துச்சு. "நான் எங்கண்ணே போனேன்? எவனோ வழியில போறவன் எடுத்து அனுப்பினான். நான் தூக்கிப் போட்டேன். நீங்க இவ்ளோ விலாவரியா எழுதியிருந்தீங்களே, நீங்க போயிருக்கீங்கன்னுல்ல நெனச்சேன்."

அம்பிகாபதி போனை வச்சிட்டு அடுத்தவருக்குப் போட்டாரு. அவரு, ரெண்டு பேரும் போயிருப்பாங்கன்னு நெனச்சாராம். அதுக்கடுத்தவரு, மூணு பேரும் போயிருப்பாங்கன்னு நெனச்சாராம். நாலாவது ஆளுக்கு அவர் போன் போடல.

சாமி எந்திரிச்சுப் போயி சமையக்கட்டுப் பலகையில விரிச்சிருந்த பழைய பேப்பரை உருவிக்கிட்டு வந்தாரு. சரியா அந்தச் செய்தி வந்த பக்கம். மேல கொஞ்சம் எண்ணெய். அடுப்புலேருந்து அணைஞ்ச கரித்துண்டு ஒண்ணு எடுத்துக்கிட்டாரு.

"படிங்கண்ணே. நீங்க எழுதினதுதான."

அம்பிகாபதி படிச்சாரு. "குடிபோதையில் தள்ளாடியபடி வந்த லைன்மேன் கலியபெருமாள், நாற்பத்தேழு, வாய்க்காலில் சுயநினைவின்றி அலங்கோலமாகக் கிடந்தார். இதைக் கண்ட பொதுமக்கள் கடும் அதிர்ச்சி அடைந்தனர். இச்சம்பவம் அப்பகுதியில் பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது."

"குடிபோதை. வாடை வந்துச்சா?"

"போட்டோவுல எப்படி சாமி வாடை வரும்?"

சாமி கரியால அந்த வார்த்தையை இழுத்து அடிச்சாரு.

"தள்ளாடியபடி. படுத்துக் கெடக்கறவர் எப்பண்ணே தள்ளாடினாரு?"

"குடிச்சிருந்தா தள்ளாடித்தானே..."

அதுக்கும் ஒரு கோடு.

"நாப்பத்தேழு?"

"வயசு போடாம அனுப்பினா ஆபீஸ்ல திட்டுவாங்க. ஆளைப் பாத்தா நாப்பத்தேழு மாதிரி இருந்துச்சு."

"குப்புறக் கெடக்கறவரைப் பாத்தா?"

அம்பிகாபதி தானே கரியை வாங்கி வயசை அடிச்சாரு. அப்படியே "சுயநினைவின்றி"யையும் அடிச்சாரு. கூப்பிட்டுப் பாத்தவங்க யாரும் இல்ல.

"கடும் அதிர்ச்சி அடைஞ்ச பொதுமக்கள் எத்தன பேரு?"

"போட்டோ எடுத்தவன் ஒருத்தன்."

"அவன் அதிர்ச்சியானானா?"

"கண்ணுல தண்ணி வர்ற மாதிரி சிரிக்கிற பொம்மை ஒண்ணு போட்டு அனுப்பியிருந்தான்."

பொதுமக்கள் போனாங்க. பரபரப்பும் போச்சு. பேப்பர் பூரா கரியாச்சு. ஆளு பேரை விட்டா மிச்சம் இருந்தது மூணு வார்த்தை. வாய்க்காலில் அலங்கோலமாகக் கிடந்தார்.

"அலங்கோலமாகன்னு ஒண்ணு இருக்கே சாமி. அது போட்டோவுலயே தெரியுது."

"அது இருக்கட்டும்" அப்படின்னு சொல்லிட்டு சாமி கையைக் கழுவினாரு. "நாளைக்குக் காலையில அங்க போயிட்டு வாங்க."

"போயி யாரைப் பாக்கறது?"

"யாரையும் பாக்க வேணாம். அந்த எடத்துல கொஞ்ச நேரம் கெடந்துட்டு வாங்க."

"கெடக்கணுமா? எதுக்கு சாமி?"

"கிடந்தார்னு எழுதியிருக்கீங்கல்ல."

வியாழக்கிழமை ஒம்பது மணிக்கு அம்பிகாபதி ஆலத்தங்குடி போயிட்டாரு. அறுப்பு முடிஞ்ச வயல். கண்ணுக்கு எட்டின தூரம் ஆள் இல்ல. வாய்க்கால் ஓரமா ஒரு கரண்டு கம்பம், அதுக்கு முட்டுக் குடுத்த மாதிரி ஒரு பனை மரம். போட்டோவுல பாத்த அதே எடம். கம்பத்துல கூடு இல்ல. கம்பத்தையே சுத்தி வந்து பாத்தாரு. எங்கயும் இல்ல.

அவருக்கு உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி. கதண்டாம், கதண்டு. ஒவ்வொருத்தனும் ஒரு கதை வச்சிருக்கான். கூடு இல்லாத கம்பத்தைப் போட்டோ எடுத்து சாமிகிட்ட காட்டிரலாம். இந்த வயசுல சேத்துல வேற யாரு படுக்கறது?

ஸ்கூட்டரோட ஸ்டாண்டு ரொம்ப நாளா சரியில்ல. அதனால வண்டியைப் பனை மரத்துல சாத்தினாரு. கொஞ்சம் வேகமாத்தான் சாத்திட்டாரு. மரம் லேசா அதிர்ந்துச்சு.

உச்சியில தொங்கின காஞ்ச மட்டைங்களுக்குள்ளேருந்து ஒரு சத்தம். யாரோ தூரத்துல மிக்ஸி போட்ட மாதிரி.

முதல் கொட்டு கன்னத்துல. ரெண்டாவது காதுக்குப் பின்னால. மூணாவது எங்கன்னு யோசிக்கல. அம்பத்தி நாலு வயசுக் காலு எப்படி அப்படி ஓடுச்சுன்னு அவருக்கே தெரியாது. செருப்பு ஒண்ணு வரப்புல, கண்ணாடி எங்கயோ. வாய்க்கால்ல குப்புற விழுந்து மூஞ்சியைச் சேத்துல பொதச்சுக்கிட்டாரு.

மேல வட்டமடிக்கிற சத்தம் நிக்கல. மூச்சு விடணும்னா கழுத்தை ஒரு பக்கமா திருப்பி, வாயை மட்டும் லேசா தூக்கணும். கையை அசைச்சா வரும். காலை இழுத்தா வரும். எப்படி விழுந்தாரோ அப்படியே கெடந்தாரு. அலங்கோலமா கெடந்தாத்தான் கெடக்க முடியும்னு அப்பதான் புரிஞ்சுது.

கொஞ்ச நேரத்துல ரோட்டுல ஒரு பைக் வந்து நின்னுச்சு.

"ஏ, யாரோ கெடக்கறான்டா."

"போன வாரமும் ஒருத்தன் கெடந்தான்ல. நல்ல எடம் புடிச்சிருக்கானுங்க."

கிளிக்னு ஒரு சத்தம். எடுக்காதடான்னு கத்தணும் போல இருந்துச்சு. வாயைத் தொறந்தா சேறு. தலையைத் தூக்கினா கதண்டு. அம்பிகாபதி சுயநினைவோட, நல்ல சுயநினைவோட, சத்தம் போடாம கெடந்தாரு. பைக் போயிருச்சு.

மேல சத்தம் அடங்கினதும் எந்திரிச்சு, வண்டியை மெதுவா உருட்டிக்கிட்டு வந்து, நேரா ஆஸ்பத்திரிக்குப் போயி ஊசி போட்டுக்கிட்டு, மத்தியானம் மடத்துக்கு வந்தாரு. வலது கண்ணு இருந்த எடம் தெரியல. மேலுதடு மூக்கைத் தொட்டுச்சு. சாமி பெஞ்சுல உக்கார வச்சு, ஈரத் துணியை கன்னத்துல வச்சாரு.

"கதண்டு இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா சாமி?"

"எனக்கு எப்படிண்ணே தெரியும்? நான் போகலையே."

அம்பிகாபதி சிரிக்கப் பாத்தாரு. உதடு ஒத்துழைக்கல.

அப்ப போன் அடிச்சுது. ஜெகபர். பின்னால பரோட்டா கொத்துற சத்தம்.

"அண்ணே, உங்களுக்கு வயசு என்ன?"

"எதுக்குடா?"

"குரூப்பைப் பாக்கலையா நீங்க? உங்க போட்டோ வந்திருக்கு. ஆலத்தங்குடி வாய்க்கால்ல. பக்கத்துல உங்க ஸ்கூட்டரும் நிக்குது. தப்பா நெனச்சுக்காதீங்க, நம்ம ஆளாச்சேன்னு விட முடியுமா. 'லைன்மேனைத் தொடர்ந்து நிருபரும்: வாய்க்காலில் தொடரும் அவலம்'. தலைப்பு நான்தான் வச்சேன். நல்லாருக்கா?"

"டேய் ஜெகபரு. நான் குடிக்க மாட்டேன்னு உனக்குத் தெரியுமாடா தெரியாதா?"

"தெரியும்ணே. அதான் எனக்கும் அதிர்ச்சியாப் போச்சு. அதையும் சேத்திருக்கேன்."

"என்ன நடந்துச்சுன்னு கேளேன்டா."

"அதெல்லாம் கெடச்சிருச்சுண்ணே. வயசு மட்டுந்தான் பாக்கி. நாலு மணிக்குள்ள அனுப்பணும்."

"நீ எங்கேருந்து எழுதற?"

"களத்துலேருந்துதான்."

பரோட்டா கொத்துற சத்தம் இன்னும் கொஞ்சம் வேகமாச்சு. அம்பிகாபதி போனை வச்சாரு. ஒத்தைக் கண்ணால சாமியைப் பாத்தாரு.

"நானே எழுதறேன் சாமி. என்னைப் பத்தி இல்ல, அவனைப் பத்தி. இப்ப கண்ணு தெரியல. ரெண்டு நாள் போயி வீக்கம் கொஞ்சம் வத்தட்டும், நிதானமா உக்காந்து எழுதறேன்."

"வத்தறதுக்குள்ள எழுதிருங்கண்ணே."

அம்பிகாபதி துணியைக் கீழ வச்சாரு. அப்பறம் ஸ்கூட்டரை எடுத்தாரு.

பரோட்டாக் கடையில ஜெகபரும் இன்னும் மூணு பேரும் போனும் கையுமா உக்காந்திருந்தாங்க. அம்பிகாபதி போயி எதுத்த நாற்காலியில உக்காந்தாரு. ஜெகபர் நிமிந்து பாத்தான். கையில இருந்த பரோட்டாத் துண்டு சால்னாவுலயே விழுந்துச்சு.

"என்னண்ணே இது?"

"நீ எழுதிக்கிட்டிருக்கியே, அது."

ஜெகபர் மெதுவா போனை எடுத்து, எழுதினதை முழுசா அழிச்சான். பக்கத்துல இருந்தவனும் அழிச்சான். அவன் எழுதினது இல்ல, ஜெகபர் எழுதினதுதான். ஆனாலும் அழிச்சான்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு கரண்டு ஆபீஸ். அதிகாரி மேஜையில எட்டு பேப்பரும் விசிறி மாதிரி விரிச்சு வச்சிருந்தாரு. கலியபெருமாள் சுவத்தோரமா நின்னான். வீக்கமெல்லாம் வத்தி, சாதாரண மூஞ்சி. நாப்பத்தேழெல்லாம் இல்ல, முப்பத்தாறுதான் இருக்கும். சந்திரகாசி வாசல்ல நின்னுது.

"எட்டு பேப்பர்ல வந்திருக்கு. எட்டும் பொய்யா?" அதிகாரி கேட்டாரு.

"எட்டு இல்லீங்க. ஒண்ணு."

எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. அம்பிகாபதி வீங்கின மூஞ்சியோட கதவைப் புடிச்சுக்கிட்டு நின்னாரு.

"எழுதினவன் நான். மத்தவங்க எடுத்துப் போட்டாங்க. நான் போகவும் இல்ல, பாக்கவும் இல்ல. நேத்துதான் போனேன்." அப்பறம் வாசல் பக்கம் திரும்பி, "உங்ககிட்ட பாத்துட்டு எழுதினேன்னு சொன்னது பொய்ம்மா"ன்னாரு.

சந்திரகாசி அவர் மூஞ்சியவே பாத்துது.

கலியபெருமாள் சுவத்தை விட்டு ஒரு அடி முன்னால வந்தான். இப்ப மெதுவா கேட்டான்.

"எத்தனைங்க?"

"நாலு."

"எனக்கு ஆறு. காதுக்குப் பின்னால கொட்டுச்சா?"

"கொட்டுச்சு."

"அதுதாங்க பேஜாரு. ரெண்டு நாளைக்கு தலையணை வைக்க முடியாது."

"ஆமாப்பா. நேத்து ராத்திரி பூரா உக்காந்துக்கிட்டேதான் இருந்தேன்."

அதிகாரி ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. விசாரணை யாரு பண்றதுன்னு அவருக்கே சந்தேகம் வந்திருக்கணும்.

"கூடு எங்கய்யா இருக்கு?"

"பத்து நிமிசந்தான் சார், வாங்க. ரோட்டுல நின்னே பாக்கலாம்."

போனாங்க. ஜெகபரும் பைக்ல பின்னாடியே வந்தான். பனை மட்டைக்குள்ள பானை அளவுக்குத் தொங்குன கூட்டைக் கலியபெருமாள் கையை நீட்டிக் காட்டினான். அதிகாரி விசாரணை பைலைத் தலைக்கு மேல கவுத்துப் புடிச்சுக்கிட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்தாரு. ரெண்டு வாட்டி பாத்தாரு. திங்கக்கிழமை கலியபெருமாள் திரும்பவும் வேலைக்குப் போனான்.

அம்பிகாபதி செய்தி வியாழக்கிழமையே ஆபீஸுக்குப் போயிருந்துச்சு. அங்கேருந்து கூப்பிட்டாங்க. "என்னண்ணே, பரபரப்பா ஒண்ணுமே இல்லையே?"

"இல்லப்பா. இருந்ததுதான் இருக்கு."

சனிக்கிழமை ஏழாம் பக்கத்துல, கீழ, மூலையில வந்துச்சு. 'ஆலத்தங்குடி வாய்க்காலில் கிடந்த லைன்மேன் கலியபெருமாள் குடித்திருக்கவில்லை. கம்பத்தருகே உள்ள பனையில் கதண்டுக் கூடு இருக்கிறது. கதண்டு கொட்டியதால் சேற்றில் படுத்திருந்தார். முதலில் தவறாக எழுதியவரும் அதே இடத்தில் கிடந்து பார்த்தார்.' அவ்ளோதான். சந்திரகாசி அதைக் கத்தரிச்சு கரண்டு பில்லு அட்டைக்குள்ள வச்சிருக்கறதா கேள்வி. இல்ல, கேள்வி இல்ல. அம்பிகாபதி அவங்க வீட்டுக்குப் போனப்ப நேர்லயே பாத்தாரு. டீ குடுத்தாங்க. கலியபெருமாள் வயசையும் அன்னிக்குத்தான் கேட்டுக்கிட்டாரு. முப்பத்தஞ்சு.

பத்து நாள் கழிச்சு, காலையில ஏழு மணிக்கு, ஸ்கூட்டர் சத்தம் கேட்டுச்சு. சாமி தொண்டையைச் செருமினாரு.

"சற்றுமுன் கிடைத்த தகவல். கஞ்சியில் உப்பு..."

அம்பிகாபதி டம்ளரை வாங்கி ஒரு வாய் குடிச்சுப் பாத்தாரு. "இருக்கு சாமி."

பெஞ்சுல இருந்தவங்க சிரிச்சாங்க. இந்தத் தடவை சாமியும் சேந்து சிரிச்சாரு.

கூட்டம் கலைஞ்சுது. அம்பிகாபதி கன்னத்தைத் தடவிக்கிட்டே உக்காந்திருந்தாரு. வீக்கம் சுத்தமா வத்தி, பழைய மூஞ்சி வந்திருந்துச்சு.

"சாமி, இப்ப நல்லாத்தான் இருக்கேன். எங்க என்ன நடந்தாலும் நேர்ல போயிடறேன். ஆனா எனக்கு என்னைத் தெரியும். ரெண்டு மாசம் போனா மறந்துருவேன். டீக்கடையில உக்காந்துக்கிட்டே கடும் அதிர்ச்சின்னு எழுத ஆரம்பிச்சிருவேன். அப்ப என்ன பண்றது?"

சாமி பாத்திரத்தைக் கழுவிக்கிட்டிருந்தாரு. "அந்தக் கூட்டை என்னண்ணே பண்ணாங்க?"

"தீயணைப்புக்காரங்க வந்து எடுத்துட்டாங்க சாமி. நான் நின்னு பாத்தேன்."

சாமி பாத்திரத்தைக் கவுத்து வச்சாரு. கையைத் துண்டுல தொடச்சிக்கிட்டாரு.

"பரவால்லண்ணே. கதண்டுக்குத் திரும்பவும் கூடு கட்டத் தெரியும்."